மழலைக்கு மறுமொழி சொல்வோம்

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் மழலையர் வகுப்பின் வாசலில் பெற்றோர் பலர் வந்து நிற்கின்றனர். அவர்கள் கேட்கும் கேள்விகளுள் முதலிடம் பெறுவது, "டீச்சர், பாப்பா எப்போ இங்கிலீஷ் பேசுவா?" என்பதே. அப்போது அந்த மூன்றரை வயதுக் குழந்தை தாயின் முந்தானையைப் பற்றிக்கொண்டு அழுதுகொண்டிருக்கும். தண்ணீர் வேண்டும் என்றோ, வயிறு வலிக்கிறது என்றோ எடுத்துச் சொல்ல அதற்குத் தெரியுமா என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. "வீட்டில் நாங்கள் தமிழே பேசுவதில்லை" என்று பெருமையோடு கூறுவோரும் உண்டு.

இந்தப் பெருமையைப் பற்றித்தான் இம்மலரில் சில சொல்ல விரும்புகிறேன். குழந்தைக்குப் பேச்சு வருவது புத்தகத்தாலும் கட்டணத்தாலும் அன்று. அது எழுப்பும் ஒலிக்கு ஒருவர் செவி கொடுத்து, அன்போடு மறுமொழி சொல்லுவதால்தான் பேச்சு வளர்கிறது. அந்த ஒருவர், தமக்கு நன்றாகத் தெரிந்த மொழியில்தான் அப்படி மறுமொழி சொல்ல முடியும். இதுவே என் கருத்து. இதனை வாசிக்கும் பெற்றோரும், இன்று மாணவியராக இருந்து நாளை தாயாகப் போகும் பெண்களும் இதனைச் சற்றே சிந்திக்க வேண்டுகிறேன்.

நம் முன்னோர் குழந்தையின் வளர்ச்சியைக் கூர்ந்து நோக்கியவர்கள். பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையில் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்தார்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய ஏழும் ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் பொதுவானவை. இவற்றுள் 'தால்' என்பது நாக்கைக் குறிக்கும் சொல். தாய் நாவை அசைத்துப் பாடுவதே தாலாட்டு. அம்புலிப் பருவத்தில் தாய் நிலவைப் பார்த்து, என் குழந்தையோடு விளையாட வா என்று அழைக்கிறாள். நிலவு வரப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆயினும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அதன் விரல் சுட்டும் பொருளைத் தானும் பார்த்து, அதைப் பற்றிப் பேசுகிறாள். குழந்தைக்குச் சொல்லும் பொருளும் ஒன்றோடொன்று சேரும் இடம் அதுவே. இன்றைய மொழியியல் அறிஞர் பல ஆய்வுகளுக்குப் பின் கூறுவதை நம் பாட்டிமார் நிலாச்சோற்றோடு ஊட்டிவிட்டார்கள்.

குழந்தையின் செவி பிறப்பதற்கு முன்பே வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. கருவில் இருக்கும் கடைசி மாதங்களில் அது தாயின் குரலைக் கேட்கிறது. பிறந்த சில நாட்களிலேயே தாயின் குரலை மற்றப் பெண்களின் குரலினின்றும் பிரித்தறிகிறது என்பது 1980 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில் தெளிவாயிற்று. இரண்டு மூன்று மாதங்களில் 'ங்ஙா', 'ஆ' என்று குரல் கொடுக்கும். ஆறேழு மாதங்களில் 'பப்பப்ப', 'மம்மம்ம' என்று ஒலிகளை அடுக்கும். உதடு சேர்ந்து பிறக்கும் எழுத்துகள் எளியவை; ஆதலால் அம்மா, அப்பா, மாமா என்னும் உறவுப் பெயர்கள் அதன் வாயில் முதலில் வந்து விழுகின்றன. ஓராண்டு நிறையும் காலத்தில் பொருளுள்ள முதற்சொல் பிறக்கும். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணாம்" என்று இரு சொற்களைச் சேர்க்கும். மூன்று வயதில் அயலாருக்கும் பெரும்பாலும் விளங்கும்படி பேசும். நான்கு ஐந்து வயதில் கதை சொல்லும், காரணம் கேட்கும், பொய்யும் சொல்லும்! ஒரு குழந்தைக்கும் மற்றொரு குழந்தைக்கும் சில மாதங்கள் முன்பின் ஆகலாம். எனினும் படிகளின் வரிசை ஏறத்தாழ ஒன்றே.

இந்தப் படிகளைக் குழந்தை கிளிப்பிள்ளைபோல் ஏறுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். "எனக்கு வேணும்" என்பதற்குச் சில குழந்தைகள் "நானுக்கு வேணும்" என்கின்றன. வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. பின் எங்கிருந்து வந்தது? அம்மாவுக்கு, அண்ணாவுக்கு, பாட்டிக்கு என்று கேட்ட குழந்தை, தானாகவே ஒரு விதியைக் கண்டுபிடித்து அதை 'நான்' என்னும் சொல்லிலும் பொருத்திப் பார்க்கிறது. இது தவறன்று, இலக்கணம் பிறக்கும் நேரம். அதைக் கேட்டுச் சிரிப்பதும் கூடாது, அதட்டித் திருத்துவதும் கூடாது. "ஓ, உனக்கு வேணுமா? இந்தா" என்று சரியான சொல்லை மறுமொழியில் வைத்துக் கொடுத்தால் போதும். சில வாரங்களிலோ மாதங்களிலோ தானே மாறிவிடும். 'ர' வராமல் 'ல' என்று சொல்வதும் அப்படியே. 'ழ', 'ற' முதலிய ஒலிகள் நாவிற்கு வசப்பட நாளாகும்.

நான்கு வயதுத் தமிழ்க் குழந்தை இன்னோர் அருஞ்செயலும் செய்கிறது. "நாம கடைக்குப் போலாமா?" என்பதற்கும், "நாங்க கடைக்குப் போறோம்" என்பதற்கும் உள்ள வேற்றுமை அதற்குத் தெரியும். முன்னதில் கேட்பவரும் சேர்ந்திருக்கிறார். பின்னதில் அவருக்கு இடமில்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். இந்த நுட்பத்தை எந்த ஆசிரியை அதற்குக் கற்பித்தாள்? வீட்டுத் திண்ணையும் அடுக்களையும் தெருவுமே கற்பித்தன.

இதனைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னவர்களுள் ஒருவர் நம் சென்னையில் வாழ்ந்தார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. இத்தாலி நாட்டு மருத்துவரும் கல்வியாளருமான மரியா மாண்டிசோரி அம்மையார் 1939 நவம்பரில், தம் 69 ஆம் வயதில், சென்னை வந்து சேர்ந்தார். அடையாறு பிரம்மஞான சபையின் வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1940 இல் இத்தாலி போரில் இறங்கவே, அவர் எதிரி நாட்டவராகக் கருதப்பட்டு, போர் முடியும்வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அடையாற்றிலும் கொடைக்கானலிலும் பணியாற்றினார். அந்த ஆண்டுகளில் கைக்குழந்தைகளைப் பற்றி அவர் ஆழ்ந்து சிந்தித்தார். இந்தியாவில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகளை அடிப்படையாகக் கொண்ட 'தி அப்சார்பன்ட் மைண்ட்' என்னும் புகழ்பெற்ற நூல் 1949 இல் அடையாற்றில்தான் வெளியாயிற்று.

பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோல் குழந்தையின் மனம் தன்னைச் சூழ்ந்துள்ள மொழியை முழுமையாக உறிஞ்சிக்கொள்கிறது என்பது அந்நூலின் சாரம். முதல் ஆறு ஆண்டுகளில் அந்த ஆற்றல் மிகுதி. தாய் தன் குழந்தையைத் தான் செல்லும் இடமெல்லாம் தூக்கிச் செல்லும் வழக்கத்தை அம்மையார் போற்றினார். தாய் சந்தையில் பேரம் பேசுகிறாள், அண்டை வீட்டாரோடு உரையாடுகிறாள். இடுப்பிலிருக்கும் குழந்தை அனைத்தையும் பார்க்கிறது, கேட்கிறது. கல்வி அங்கேயே தொடங்கிவிடுகிறது. மாண்டிசோரி பெயரைப் பலகையில் எழுதி வைத்திருக்கும் மழலைப் பள்ளிகள் இன்று தெருவுக்கு ஒன்று உண்டு. அவர் சொன்ன இந்தச் செய்தி எத்தனை பள்ளிகளின் உள்ளே நுழைந்திருக்கிறது என்பது வேறு கேள்வி.

நம் ஊரின் நிலைமை என்ன? பட்டாபிராமிலும் ஆவடியிலும் தாயும் தந்தையும் வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் பல. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் சென்ட்ரலுக்கும் காலை ரயிலில் நெருக்கியடித்துச் சென்று, இரவு விளக்கு வைத்தபின் வீடு திரும்புகிறவர்கள் அவர்கள். களைத்து வரும் அவர்களை நான் குறை கூறேன். ஆனால் அழும் குழந்தையின் கையில் கைப்பேசியைத் திணித்துவிட்டுச் சோறு ஊட்டும் வழக்கம் வீட்டுக்கு வீடு பரவிவிட்டது. "போன்ல ஏபிசிடி எல்லாம் சொல்லுது, அதுவே கத்துக்கும்" என்று மனநிறைவும் கொள்கிறோம்.

அது கற்றுக்கொள்ளுமா? 2003 இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. அமெரிக்காவில் ஒன்பது மாதக் குழந்தைகள் சிலருக்குச் சீன மொழி பேசுவோர் நேரில் அமர்ந்து பன்னிரண்டு முறை கதை படித்து விளையாட்டுக் காட்டினர். வேறு சில குழந்தைகளுக்கு அதையே தொலைக்காட்சியிலும் ஒலிநாடாவிலும் காட்டினர். நேரில் கேட்ட குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. திரையில் கண்டவை ஏதும் கற்கவில்லை. காரணம் எளிது. திரை பேசும், கேட்காது. குழந்தை 'ம்மா' என்றால் திரும்பிப் பார்க்காது. உலகச் சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட நெறிமுறைகளில், ஒரு வயதுக் குழந்தைகளுக்கும் அதற்கும் குறைந்தவர்களுக்கும் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் கூறியுள்ளது.

இனி ஆங்கிலத்தின் பக்கம் வருவோம். ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2024 நவம்பரில் நம் பட்டாபிராமிலேயே 21 தளங்கள் கொண்ட டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அந்தக் கட்டடத்தை நாள்தோறும் பார்க்கும் பெற்றோருக்குத் தம் பிள்ளை அங்கு வேலைக்குப் போக வேண்டும் என்ற ஆசை எழுவது இயற்கை. அந்த வேலைக்கு ஆங்கிலம் வேண்டும் என்பதும் உண்மை. ஒரு குழந்தை இரண்டு மூன்று மொழிகளை ஒருங்கே கற்க முடியும் என்பதையும் நம் வட்டாரமே மெய்ப்பிக்கிறது. கனரக வாகனத் தொழிற்சாலை, விமானப்படை நிலையம், மத்திய ரிசர்வ் போலீஸ் முகாம் ஆகியவற்றால் ஆவடிப் பகுதிக்குப் பல மாநிலத்தார் வந்து சேர்ந்தனர். வீட்டில் தெலுங்கும், தெருவில் தமிழும், விளையாடும் இடத்தில் இந்தியும் பேசும் குழந்தைகள் இங்கு எத்தனையோ பேர். அவர்கள் குழம்பிப் போய்விடவில்லை. ஒவ்வொரு மொழியையும் அதை நன்கு பேசுவோரிடமிருந்து பெற்றார்கள், அதுவே காரணம்.

ஆனால் தமக்குச் சரளமாக வராத ஆங்கிலத்தில் பெற்றோர் குழந்தையிடம் பேசும்போது நடப்பது வேறு. "கம் ஹியர்", "சிட் டவுன்", "ஈட் பண்ணு", "டோன்ட் டச்" என்று எல்லாம் கட்டளைகளாகக் குறுகிவிடுகின்றன. நேற்றுப் பெய்த மழையில் நனைந்த கதையை அந்த ஆங்கிலத்தில் தாயால் சொல்ல முடியுமா? தாம் சிறுவயதில் கிணற்றில் நீந்திய கதையைத் தந்தையால் சொல்ல முடியுமா? அத்தை, சித்தி, பெரியம்மா, மாமி என்ற உறவெல்லாம் 'ஆன்ட்டி' என்ற ஒரே சொல்லில் கரைந்து போகின்றன. இவற்றைவிட வருந்தத்தக்கது, வீட்டிலுள்ள பாட்டியின் நிலை. "அவங்க பேசினா குழந்தைக்குத் தமிழ் ஒட்டிக்கும்" என்று பாட்டியின் வாயை அடைத்துவிடுகிற வீடுகள் உண்டு. வீட்டில் குழந்தையோடு பேச நாள் முழுதும் நேரமிருக்கும் ஒரே ஆளையும் பேசவிடாமல் செய்தபின், பேச்சு எங்கிருந்து வரும்?

இப்படி வளரும் குழந்தைகள் சிலர் வகுப்பில் வந்து அமர்கின்றனர். நிறங்களின் ஆங்கிலப் பெயரும் விலங்குகளின் ஆங்கிலப் பெயரும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். "ஏன் அழறே?" என்று கேட்டால் விடை சொல்ல எந்த மொழியும் இராது. பெயர்கள் நிறைய இருக்கும், வாக்கியம் இராது. இதற்கு மாறாக, வீட்டில் தமிழிலோ தெலுங்கிலோ நன்றாகப் பேசப் பழகிய குழந்தைக்கு, ஒரு செய்தியை முதலிலிருந்து முடிவுவரை சொல்லும் திறன் ஏற்கெனவே கைவந்திருக்கிறது. அது ஆங்கிலத்தில் புதிய சொற்களை மட்டும் கற்றால் போதும். சிந்தனையைப் புதிதாகக் கற்க வேண்டுவதில்லை. தொடக்கக் கல்விக்குத் தாய்மொழியே சிறந்தது என்று யுனெஸ்கோ நிறுவனம் 1953 ஆம் ஆண்டிலேயே அறிவித்ததும் இதுபற்றியே.

பேச்சு தாமதமாகும் குழந்தைகளைப் பற்றியும் இங்குச் சொல்லியாக வேண்டும். "அவங்க அப்பாவும் நாலு வயசுலதான் பேசினார்" என்று ஆறுதல் சொல்லும் உறவினர் எல்லா வீட்டிலும் உண்டு. நாக்கில் வசம்பு தேய்க்கச் சொல்வோரும் உண்டு. சில குழந்தைகளுக்குப் பேச்சு தாமதமாகவே வந்து சரியாகிவிடும் என்பது உண்மையே. ஆனால் செவித்திறன் குறைந்ததால் பேசாத குழந்தையும் அவர்களுள் ஒருவராக இருக்கலாம் அல்லவா? கேளாத ஒலியை நாக்கு எப்படிச் சொல்லும்? பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தை, ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்லும் பேசாத குழந்தை, இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்க்காத குழந்தை ஆகியோரை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். முதற்பரிசோதனை காதுக்கு நடக்க வேண்டும். தொலைவு செல்லவும் வேண்டுவதில்லை. போரூர் இராமச்சந்திரா மருத்துவமனையில் பேச்சு, செவித்திறனுக்கென்றே தனித்துறை இயங்குகிறது. 2013 இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கே வந்து குழந்தைகளைச் சோதிக்கின்றனர்.

காலத்தில் கண்டால் எவ்வளவு நன்மை விளையும் என்பதற்குச் சென்னையிலுள்ள பால வித்யாலயாவே சான்று. பள்ளி வயதை எட்டாத, காது கேளாத குழந்தைகளுக்கென்று 1969 இல் தொடங்கப்பட்ட பள்ளி அது. தாய்மாரும் குழந்தையோடு வந்து பயில்கின்றனர். காதொலிக் கருவியைப் பொருத்தி, நாள்தோறும் பேசிப் பேசி, அக்குழந்தைகளைப் பேச வைக்கின்றனர். பின்னர் அவர்கள் மற்றக் குழந்தைகளோடு சாதாரணப் பள்ளிகளில் சேர்ந்து படிக்கின்றனர். செவி கேளாத குழந்தையின் தாயே விடாமல் பேசிப் பேசி மொழியை ஊட்ட முடியுமானால், நன்றாகக் கேட்கும் குழந்தையைப் பெற்ற நாம் வாளாவிருப்பது முறையாகுமா?

அன்பு மாணவியரே, இது பெரியோர் செய்தி என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். மாலையில் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்களில் பலருக்கு உண்டு என்பதை நான் அறிவேன். வீட்டுப்பாடம் முடிக்க வேண்டிய நேரத்தில் அது எவ்வளவு தொல்லை என்பதையும் அறிவேன். எனினும் அந்தக் குழந்தைக்கு முதல் ஆசிரியை நீங்களே. காய் நறுக்கும்போது "இது கத்தரிக்காய், இதுக்கு முள் இருக்கு பார்" என்று சொல்லுங்கள். துணி மடிக்கும்போது "இது யாரோட சட்டை?" என்று கேளுங்கள். கேட்டபின் சற்றுப் பொறுத்திருங்கள். குழந்தை விடையைத் தேடி எடுக்க நமக்கு வேண்டியதைவிட அதிக நேரம் ஆகும். "வண்டி" என்று அது சொன்னால், "ஆமா, பெரிய வண்டி, பால் கொண்டு வருது" என்று நீட்டிச் சொல்லுங்கள். கைவீசும் பாட்டையும் சாய்ந்தாடும் பாட்டையும் பாட்டியிடம் கேட்டுக் கற்றுப் பாடுங்கள். கதையை நூறாவது முறை கேட்டாலும் சொல்லுங்கள். இதற்குப் பணம் ஒரு காசும் வேண்டாம்.

ஆசிரியைகளாகிய எங்களுக்கும் இதில் கடமை உண்டு. தமிழில் பேசியதற்காக மழலையர் வகுப்புக் குழந்தையைத் தண்டிக்கும் பள்ளிகள் இருப்பதாகக் கேள்விப்படுகிறோம். தாயைப் பிரிந்து வந்த மூன்று வயதுக் குழந்தையிடமிருந்து தாய்மொழியையும் பிரித்துவிட்டால் அது மௌனமாகும். அந்த மௌனத்தை ஒழுக்கம் என்று நாம் தவறாக எண்ணிக்கொள்வோம். மழலையர் வகுப்பில் முதல் ஆண்டு முழுவதும் குழந்தை எந்த மொழியில் பேசினாலும் ஆசிரியை மகிழ்ந்து மறுமொழி சொல்ல வேண்டும். ஆங்கிலத்தைப் பாட்டாகவும் விளையாட்டாகவும் அதன் பக்கத்தில் அமர்த்தலாம். அமைதியான மழலையர் வகுப்பு நல்ல வகுப்பு என்ற எண்ணத்தைப் பெற்றோரும் கைவிட வேண்டும். சந்தைபோல் இரைச்சல் கேட்டால், அங்கே கல்வி நடக்கிறது என்று நம்பலாம்.

ஆகவே பெற்றோர்களே, அடுத்த ஜூன் மாதத்தில் உங்கள் குழந்தையின் கையைப் பிடித்து வகுப்பு வாசலுக்கு வரும்போது, அது எத்தனை ஆங்கிலச் சொற்கள் சொல்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டாம். இன்று காலை வீட்டில் நடந்ததை அது தன் மொழியில் எனக்குச் சொல்லட்டும். அவ்வளவு கொண்டு வந்தால் போதும். மற்றவற்றை நாங்கள் கற்றுக்கொடுக்கிறோம். அதற்கு இன்றிரவே ஒரு வேலை செய்யுங்கள். சோறு ஊட்டும்போது கைப்பேசியை அலமாரியில் வைத்துவிட்டு, குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். அது ஏதேனும் சொல்லும். அதற்கு மறுமொழி சொல்லுங்கள்.